தந்திக்காரர் சாகாத பிரதி

நாலு தலைமுறையாக ஆற்றில் விழுந்து செத்துக்கொண்டிருந்த தந்திக்காரர், அந்த ஊர் நூலகத்துப் பிரதியில் மட்டும் ஒரு மழைக்காலத்தில் சாகாமல் இருந்துவிட்டார். காரணம் பைண்டிங். நாவலை எழுதியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டபடியால் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வழியில்லை. மற்ற ஊர்களில் இருந்த பிரதிகளில் தந்திக்காரர் வழக்கம்போலவே செத்தார், அங்கிருந்தவர்களும் வழக்கம்போலவே மூக்கைச் சிந்தினார்கள். இந்த ஊரில் மட்டும்தான் மனிதர் சைக்கிளோடு வீடு திரும்பினார்.

அந்த நாவலை ஊரில் பாதிப் பேர் படித்திருந்தார்கள், மீதிப் பேர் படித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். தலைமாட்டுக்கு வைத்துத் தூங்கலாம் போல அவ்வளவு தடிமன். கதை என்னவோ இரண்டே பேரைப் பற்றியதுதான். ஒருவர் தந்தி கொண்டுபோய்க் கொடுப்பவர். குச்சிபோல ஒடிசலான ஆள், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓட்டம், நின்றபடியே சாப்பாடு. வாயில் ஒரே நேரத்தில் மூன்று வாக்கியம் கிளம்பும், ஒன்றுகூட ஊர் போய்ச் சேராது. இன்னொருவர் கல்தச்சர். உட்கார்ந்தால் பெஞ்சு முழுக்க அவர்தான். ஒரு கேள்வி கேட்டால் அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பதில் சொல்பவர். வேறு யாருக்கோ வந்த தந்தியை அவசரத்தில் கல்தச்சர் கையில் கொடுத்துவிட்டுப் போன தந்திக்காரர், தெருக்கோடிவரை போய்த் தவறு தெரிந்து அடித்துப் பிடித்துத் திரும்பி வந்தபோது, கல்தச்சர் இன்னும் உறையின் ஓரத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிநேகம் அங்கே பிடித்தது. அதற்கப்புறம் சாயங்காலமானால் தந்திக்காரர் பேசுவார், கல்தச்சர் கேட்பார். ஒருவருக்கு வாயும் மற்றவருக்குக் காதும் கொடுத்துப் படைத்தவன் கணக்குத் தெரிந்தவன் என்று ஊர் பேசிக்கொண்டது.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறும். பாலத்துத் தூணில் ஓடிய விரிசலைக் கல்தச்சர் பார்த்துவிடுவார். கல்லின் பேச்சு அவருக்குப் புரியும். இது தாங்காது என்று தெரியும், நண்பர் தினமும் அந்த வழியாகத்தான் போவார் என்றும் தெரியும். சொல்லக் கிளம்புவார். ஆனால் கையைக் கழுவுவார், முன்துணியை மடிப்பார், பட்டறையைப் பூட்டுவார், பத்தடி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவர் போய்ச் சேரும்போது தண்ணீரில் ஒரு தொப்பி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசி அத்தியாயம் முழுக்க அவர் கரையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் கதை. அந்தப் பூட்டை ஊர் மன்னிக்கவே இல்லை. யாராவது வீட்டைப் பூட்டிவிட்டு ரெண்டாம் தடவை இழுத்துப் பார்த்தால், "போதும்யா, பாலம் போயிடப் போகுது" என்பார்கள்.

நூலகத்துக்கு அடுத்த சந்தில் இருந்தது பைண்டிங் கடை. முன்னறையில் ஒரு நீள மேஜை, ஒரு அழுத்துப்பொறி, வெட்டுக்கத்தி, கூரையிலிருந்து தொங்கும் நூல்கண்டுகள், எப்போதும் அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு ஒரு பசைச்சட்டி. பின்னறையில் குடித்தனம். கணவன் மனைவி இரண்டு பேர்தான் வேலையாள், இரண்டு பேர்தான் முதலாளி. அவளை ஊரில் பசையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை தோலாக உரிந்துகொண்டிருக்கும். அவர் பறக்கிற ஆள். அவள் ஆடி அசைந்து வருகிறவள். நாவலில் இருக்கிற ஜோடி இந்தச் சந்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடியிருக்கிறது என்று நூலகர் கேலி பண்ணுவார். வேலையிலும் அப்படியே பங்கு. பதினாறு பதினாறு பக்கமாக மடித்த ஃபாரங்களை வரிசையாக அடுக்குவது அவர். அடுக்கினதைத் தைப்பது அவள். அவர் ஒவ்வொரு ஃபாரமாக எண்ணைக் கூவிக்கொண்டே நீட்டுவார், அவள் "ம்" என்று சொல்லி வாங்கி ஊசியைக் குத்துவாள். எண் சரியா என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது அவர் பாடு. தையல் அவள் பாடு. பசை காயும் நேரத்தில் அவர் எந்தப் புத்தகம் கைக்கு வந்ததோ அதை உரக்கப் படிப்பார், ரயில் பிடிக்கிற வேகத்தில். அவள் கேட்டதில் பாதிக் கதைகள் அவருடைய மூச்சிரைப்போடு சேர்ந்தேதான் மனதில் தங்கின.

அவர் ஒரு பிற்பகலில் அழுத்துப்பொறியின் பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் செத்துப்போனார். பசைக்கு மாவு வாங்கப் போயிருந்த பசையக்கா, கடையில் பையைப் பிரித்து மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, கட்டி இல்லை என்று திருப்தியான பிறகு கிளம்பி, நிதானமாக வந்து சேர்ந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சாவிலும் அவசரக்காரர் என்று சந்தில் சொன்னார்கள். அவளுக்குத் துணையாக நாத்தனார் வந்து சேர்ந்தாள். கடையின் ஒரு மூலையில் குடை ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தவள், அண்ணன் பேசவேண்டிய மீதியையும் சேர்த்துத் தானே பேசினாள்.

முதலில் வந்த வேலை நூலகத்து நாவல்தான். பல கை பட்டு அட்டை கழன்று, முதுகு பிளந்து, ஃபாரம் ஃபாரமாகப் பிரிந்து ஒரு துணியில் மூட்டையாக வந்தது. பசையக்கா பழைய நூலை உருவி, ஓரங்களை ஒட்டி, மேஜையில் வரிசை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். எண்ணைக் கூவ ஆளில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஃபாரத்தையும் எடுக்கும்போது பழக்கத்தில் "ம்" சொன்னாள். சொன்னதும் சரிபார்த்துவிட்ட மாதிரி கைக்குத் தோன்றியது. ஆக, வெள்ளத்து அத்தியாயத்தில் இரண்டு ஃபாரங்கள் இடம் மாறிப்போயின. தந்திக்காரர் ஆபீசிலிருந்து சைக்கிளை எடுக்கிற ஃபாரம் பின்னால் போயிற்று. கல்தச்சர் கையைக் கழுவுகிற ஃபாரம் முன்னால் வந்துவிட்டது. பசையக்கா தைத்தாள், முதுகில் பசை பூசினாள், பொறியில் வைத்து இறுக்கினாள், கெட்டி அட்டை போட்டு அனுப்பிவைத்தாள்.

நூலகர் மழைக்காலம் தோறும் அந்த நாவலைப் படிப்பவர். வெள்ளத்து அத்தியாயம் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். கல்தச்சர் கிளம்பினார். கையைக் கழுவினார், முன்துணியை மடித்தார், பூட்டினார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார், நூலகர் பல்லைக் கடித்தார். ஆனால் தந்திக்காரர் இன்னும் ஆபீசைவிட்டே கிளம்பவில்லை. கல்தச்சர் ஆடி அசைந்து பாலத்துக்கு வந்து சேர்ந்து, நடந்த களைப்பில் அதன் வாயிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்தால் வழி ஏது? கொஞ்ச நேரத்தில் மணியடித்துக்கொண்டு சைக்கிள் வந்தது.

"எழுந்திருய்யா, தந்தி இருக்கு!"

"இரு."

"அவசரம்யா!"

"எப்பவும்தான்."

தந்திக்காரர் இடது பக்கம் நுழையப் பார்த்தார், வலது பக்கம் நுழையப் பார்த்தார், சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கித் தாண்டப் பார்த்தார். பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டு முடியுமுன் கல்தச்சரின் முதுகுக்குப் பின்னால் பாலம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஆற்றில் இறங்கியது. தந்திக்காரர் ஒரு முழுப் பக்கத்துக்கு வாய் திறக்கவில்லை. நாவலில் அதற்கு முன் அப்படி நடந்ததே கிடையாது. பிறகு, "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார். "சொல்ல ஆரம்பிச்சேன்" என்றார் கல்தச்சர்.

நூலகர் நனையாத கைக்குட்டையோடு பைண்டிங் கடைக்கு ஓடி வந்தார். பசையக்கா புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஃபாரம் மாறியிருந்தது, அவளுக்கே தெரிந்தது. ஆனால் பக்க எண்கள் மட்டும் வரிசை தப்பாமல் ஓடின. அடுத்த அத்தியாயத்தில் கரையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு பேரும், யாருடைய வீட்டில் முதலில் துணியைக் காயப்போடுவது என்று சண்டை போட்டபடி ஈரத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குக் காதுவரை சூடேறியது. தப்பாகத் தைத்த புத்தகம் ஒன்றுகூட அந்தக் கடையைவிட்டு வெளியே போனது கிடையாது.

"குடுத்துட்டுப் போங்க சார். பிரிச்சு சரியாத் தைச்சுத் தரேன்."

"என்னம்மா நீங்க, இப்பதான் மனுஷன் பொழைச்சு வீட்டுக்குப் போறார். உடனே கூப்பிட்டு ஆத்துல தள்ளணுமா? கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்."

"தப்பாத் தைச்சிருக்கேன் சார்."

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்க" என்று நூலகர் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பசை காய்கிற நேரத்தில் பசையக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். மெதுவாகக் கிளம்பி, பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்த்து, அப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்பது அவளுக்கு ஏனோ தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாகாதவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் அல்லவா? தந்திக்காரரும் இருக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்குப் பின்னால் ஒரு அத்தியாயம் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. தாள் அதே பழுப்பு, எழுத்து அதே அச்சு. பாலம் இல்லாத ஆற்றுக்கு இரண்டு பேரும் கயிற்றுப் படகு கட்டினார்கள். தந்திக்காரர் போகிற வீட்டிலெல்லாம் கல்தச்சருக்காக வேலை பிடித்து, நாளைக்கே முடித்துக் கொடுப்பார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கல்தச்சர் அந்த 'நாளைக்கே'யை மூன்று வருஷமாக இழுத்தார். நாவலில் மழை பெய்த வாரங்களில் புத்தகம் நனைந்துவிடும். நூலகர் அதை ஜன்னலோரம் விரித்துக் காயவைப்பார். விரிக்கும்போது மேஜையில் கல்தூள் உதிரும், பெருக்குகிறவள் முணுமுணுப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை முதுகு பிளந்துகொண்டு புத்தகம் பசையக்காவிடம் வரும். புதிதாக முளைத்த ஃபாரங்களைச் சேர்த்துத் தைத்து, அகலமான முதுகுத்துணி போட்டு அனுப்புவாள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரிதான் என்றாள் நாத்தனார். நூலகத்தில் வருஷக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, பக்கம் குறைந்த புத்தகத்துக்கு விதி இருக்கிறது, கூடின புத்தகத்துக்கு விதி இல்லை என்று தலையைச் சொறிந்துவிட்டு, கடைசியில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊரில் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவர்களுக்குத் திடீரென்று மரியாதை வந்தது.

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் புது டீச்சர் மாற்றலாகி வந்தார். வேகமான பெண்மணி. பேசும்போது சாக்பீஸ் உடையும். அந்த நாவல் மேல்வகுப்புக்குப் பாடம். கடைசி அத்தியாயத்தில் கரையில் உட்கார்ந்திருக்கும் கல்தச்சரின் மனநிலையை விவரி என்பது பொதுப்பரீட்சையில் வந்த கேள்வி. வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி எழுதியது: கல்தச்சர் மகிழ்ச்சியாக இருந்தார், ஏனென்றால் நண்பர் அவருக்குத் துணி காயப்போட இடம் கொடுத்துவிட்டார். விடைத்தாள் திருத்தின வெளியூர்க்காரர்கள் மொத்த வகுப்புக்கும் முட்டை போட்டார்கள். டீச்சர் நூலகத்துக்குப் போய், அந்தப் பிரதியை நின்ற நிலையில் படித்தார், அதை எடுத்துக்கொண்டு நேராகப் பைண்டிங் கடைக்கு வந்தார். நூலகர் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இதைத் தைச்சது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"ஒரு ஆள் சாகிற இடத்துல சாகலைன்னா, அப்புறம் அது என்ன கதை?"

"பொழைச்ச கதை" என்றாள் நாத்தனார், குடைக்கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க சும்மா இருங்க. ஏம்மா, உங்க தொழில்ல இது சரியா? பொய் சொல்லுங்க பாப்போம்."

பசையக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. "தப்புதான் டீச்சர்" என்றாள்.

டீச்சருக்குக் குரல் இறங்கிவிட்டது. முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். பரீட்சை ஒரு பக்கம் கிடக்கட்டும் என்றார். வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று நாலு சுவருக்குள் ஒரு சந்தை. அங்கே அழுதால் ஏன் என்று ஆறு பேர் கேட்பார்கள். "எங்க அப்பா போனப்ப எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துற சமயம். அழ நேரமே கிடைக்கல. அப்புறம் வருஷா வருஷம் அந்த ஆத்தங்கரையில கல்தச்சர் பக்கத்துல போய் உக்காந்துதான் அழுதுட்டு வருவேன். புக்கைப் படிச்சு அழறான்னு வீட்டுல விட்டுடுவாங்க. இப்ப வந்து பாத்தா, அந்தக் கரையில அந்த ஆளே இல்லை. மனுஷிக்கு அழ ஒரு இடம் வேண்டாமா?"

அது நியாயமான பேச்சு. பசையக்காவின் கைக்கு முன்னால் இப்போது இரண்டு நியாயம் கிடந்தது. தப்பாகத் தைத்ததைச் சரியாகத் தைப்பது தொழில். இவ்வளவு வருஷம் பிழைத்திருந்த ஒருவரைத் தன் கையால் வெள்ளத்துக்கு அனுப்புவதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக் காலையில் பிரித்துச் சரிபண்ணித் தருவதாகச் சொன்னாள். டீச்சர் போன பிறகு நாத்தனார் குடையைப் படார் என்று விரித்தாள்.

"அண்ணி, கொலை பண்ணப் போறீங்களா?"

"தைக்கப் போறேன்."

"அதைத்தான் கேட்டேன்."

மறுநாள் காலை சந்து முழுக்க ஆள். இழவு வீட்டுக்கு வந்த மாதிரி சிலர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு வந்திருந்தார்கள். நூலகர் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். டீச்சர் மேஜைக்கு எதிரே நின்றார். பசையக்கா முதுகுத்துணியை ஈரமாக்கி உரித்தாள், முடிச்சுகளைக் கத்தி நுனியால் அறுத்தாள், ஃபாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கம் அடுக்கிக்கொண்டே வந்தாள். வெள்ளத்து அத்தியாயம் வந்தது. மேலே இருந்தது கல்தச்சர் கிளம்பும் ஃபாரம். அதற்கு அடியில் தந்திக்காரர் கிளம்பும் ஃபாரம். மேலே உள்ளதைத் தூக்கி அடியில் உள்ளதை முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. அவள் மேல் ஃபாரத்தைத் தூக்கினாள். அது வரவில்லை.

பசை ஒட்டியிருக்கும் என்று கத்தியை நுழைத்தாள். கத்தி நுனி வளைந்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பழைய தாள், பதினாறு பக்கம், ஊதினால் பறக்கவேண்டியது, நிலத்தில் புதைத்த கல்மாதிரி அசையாமல் இருந்தது. சுமைதூக்குகிற ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளங்கையில் எச்சிலைத் துப்பிக்கொண்டு பிடித்தார், முகம் சிவந்தது, விட்டுவிட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மேஜையின் கால் முனகியது, ஃபாரம் மட்டும் அப்படியே. அடியில் இருப்பதையாவது உருவலாம் என்று பசையக்கா பார்த்தாள். அது படபடவென்று துடித்தது, இப்படிப் போகப் பார்த்தது, அப்படிப் போகப் பார்த்தது, மேலே இருந்தவர் விட்டால்தானே! எள்ளளவும் வரவில்லை. கடைசியில் டீச்சரே சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தார். இழுத்துப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்தும் பார்த்தார்.

"என்ன பிடிவாதம் இவருக்கு!" என்றார் மூச்சு வாங்க.

"உக்காந்துட்டார்னா உக்காந்துட்டார் டீச்சர்" என்றாள் பசையக்கா.

டீச்சர் ஃபாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பசையக்காவும் பக்கத்தில் கையை வைத்தாள். தாள் லேசாகச் சுட்டது, வெயிலில் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி. கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். பசையக்கா கையை எடுத்துவிட்டு, தன் நிதானத்திலேயே, இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை என்றபடியால் கொஞ்சம் தடுமாறி, சொன்னாள்:

"தப்பாத் தைச்சதுதான் டீச்சர். ஆனா இதை மாத்தித் தைக்க என்னால முடியாது. அவர் தூக்க விட்டாலும் முடியாது. எங்க வீட்டுக்காரர் விஷயத்துல நான் நேரத்துக்கு வரல. இவரு வந்துட்டாரு. வந்தவரை எப்படிப் போன்னு சொல்லுவேன்?"

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப தைங்க" என்றார். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, நேரமாகுது இல்ல?"

பசையக்கா ஊசியில் நூலைக் கோத்ததும் மேல் ஃபாரம் ஒரு இறகுபோலக் கைக்கு வந்தது. இருந்த வரிசையிலேயே தைத்தாள். கூட்டம் கலைந்து வேலைக்குப் போயிற்று. பரீட்சைக்காக டீச்சர் வெளியூரிலிருந்து இன்னொரு பிரதி வரவழைத்து நூலகத்தில் வைத்தார். அதில் தந்திக்காரர் ஒழுங்காகச் செத்தார், பிள்ளைகள் ஒழுங்காக மதிப்பெண் வாங்கினார்கள். நாவல் கேட்டு வருகிறவர்களிடம் நூலகர், "அழணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற பிரதியை எடுத்துக் கொடுப்பார். டீச்சர் வருஷத்தில் ஒரு தடவை அழுகிறதை எடுப்பார். அது அவசரத்துக்கு உதவியது, ஆனாலும் பழைய ருசி இல்லை என்றார். உயிரோடு இருக்கிறவரைப் பற்றி எவ்வளவுதான் அழுவது? சாயங்காலங்களில் வீட்டுச் சந்தையிலிருந்து தப்பித்து பைண்டிங் கடைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, புதிதாக முளைத்த அத்தியாயங்களை உரக்கப் படிப்பார். நடுநடுவே எழுத்தாளரைத் திருத்துவார். பசையக்கா கேட்டுக்கொண்டே தைப்பாள். நாத்தனாருக்கும் டீச்சருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை, ஒருவர் வராத நாளில் இன்னொருவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாவலில் இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. தந்திக்காரருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, அப்போதும் சைக்கிளை விடவில்லை. கல்தச்சருக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால் முன்னைவிடப் பொறுமையாகக் கேட்டார். ஊரில் நூலகர் ஓய்வு பெற்றார், நூலகத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. அப்படியான ஒரு வருஷத்தில், முதுகு பிளந்து வந்த புத்தகத்தின் கடைசி ஃபாரத்தை டீச்சர் படித்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்கிற நேரம். பட்டறை வாசலில் கல்தச்சர் ஒரு பாதிச் செதுக்கின கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தந்திக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒரு வீட்டில் நாய் துரத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுவாயிலிருந்து பயனிலைவரை, வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறார். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். கல்தச்சர் அதைக் கேட்டுக்கொண்டே போயிருந்தார்.

டீச்சர் நிறுத்திவிட்டார். பசையக்கா ஊசியை மேஜையில் வைத்தாள். "படிங்க" என்றாள்.

தந்திக்காரர் ஓடவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. விளக்கு ஏற்றும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பாதிச் செதுக்கின கல்லையே எடுத்துக்கொண்டு, உளி பிடிக்கத் தெரியாத கையால் எழுத்து வெட்ட ஆரம்பித்தார். உளிக்கு அவசரம் தெரியாது. அவசரப்பட்டால் விரலைக் கேட்கும். விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு, குளிர்காலம் பூராவும் அதைச் செய்தார். ஆயுசில் அவர் நிதானமாகச் செய்த வேலை அது ஒன்றுதான். எழுத்துகள் கோணலாக வந்தன. தந்தியில் வார்த்தைக்குக் கஞ்சத்தனம் பழகின ஆள் ஆகையால் கல்லிலும் மூன்று சொல்லுக்கு மேல் போகவில்லை. நண்பருக்குத் தானே கொண்டுவந்து கொடுத்த கடைசித் தந்தி:

வருகிறேன். அவசரம் இல்லை.

டீச்சர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பசையக்கா சத்தமில்லாமல் அழுதாள். மாவு வாங்கப் போன நாளிலிருந்து வராமல் தேங்கியிருந்தது அத்தனையும் வந்தது.

"அண்ணி, பசையில தண்ணி விழுது. ஒட்டாது அப்புறம்" என்றாள் நாத்தனார், தானும் விரித்த குடைக்குப் பின்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அந்த ஆத்தங்கரையைவிட இது நல்ல இடம்" என்றார் டீச்சர் கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இங்க உக்காந்தா முதுகு வலிக்கல."

கடைசிப் பக்கத்தில் தந்திக்காரர் சைக்கிளைத் தபாலாபீசில் ஒப்படைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு தெருவில் இறங்குகிறார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று பேசுகிறார், பேசினதைப் பேசி முடிக்கிறார். அத்தோடு அச்சு நின்றது. இன்னும் வரும் என்று டீச்சர் சொன்னதால், பசையக்கா பின்னால் சில வெள்ளை ஃபாரங்களைச் சேர்த்துத் தைத்து அனுப்பினாள். கணக்கெடுக்க வந்த அதிகாரி அவற்றையும் சேர்த்து எண்ணிக்கொண்டார். வருஷங்கள் போயின, அந்தப் பக்கங்களில் இன்றுவரை எழுத்து எதுவும் வரவில்லை. அதைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்படுவதும் இல்லை. மனிதர் நடந்துதானே வருகிறார்.